ஒரு பக்கம் மட்டும் பார்த்த புதன்கிழமை

முன்பு என்னோடு வேலை செய்த பிள்ளை ஒருத்தி போன மாதம் டெலிபோன் எடுத்தாள். எங்கள் பிரிவில் புதிதாக ஒரு கருவியைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். நோயாளி தன் மொழியில் பேசினால் அது உடனே ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுமாம். இனி மொழிபெயர்ப்பாளருக்காக டெலிபோனில் காத்திருக்கத் தேவையில்லை என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

"அன்ரி, தமிழ் ஆக்கள் கால் நோவு பற்றி என்னென்ன மாதிரிச் சொல்லுவினம் எண்டு ஒரு லிஸ்ட் எழுதித் தாறியளா? நாங்கள் அதில போட்டுப் பாக்கலாம்."

சரி என்றேன். அன்று பின்னேரமே குசினி மேசையில் இருந்து எழுதத் தொடங்கினேன். நான்காவது சொல்லோடு பேனை நின்றுவிட்டது. அந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதுவதென்றால் ஒரு பெண்ணைப் பற்றி எழுத வேண்டும். நான் விட்ட பிழையைப் பற்றியும் எழுத வேண்டும். லிஸ்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மெல்பேர்ணின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்குக் கிட்ட இரத்தக் குழாய்களை ஸ்கான் செய்தேன். யாழ்ப்பாணத்தில் எக்ஸ்ரே எடுக்கப் பழகியவள் நான். அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்றார்கள். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, மாலையில் வகுப்பு, ரெயிலில் நித்திரை என்று மூன்று வருடம் போனது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

என்னுடைய உண்மையான படிப்பு டோரீனின் அறையில்தான் தொடங்கியது.

டோரீன் எங்கள் பிரிவின் தலைவி. விக்டோரியா மாநிலத்தின் நாட்டுப்புறம் ஒன்றில் பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, தாதியாக இருந்து, பிறகு இந்த வேலைக்கு வந்தவர். உயரமான, கட்டையாக நரைமுடி வெட்டிய மனுஷி. எங்கள் ஸ்கான் மெஷின் அந்தக் காலத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி அளவு இருக்கும். படங்களை வீடியோ நாடாவில் பதிவோம். டோரீனின் அறையில் கோடைகாலத்திலும் ஹீட்டர் ஓடும், ஏனென்றால் குளிர்ந்தால் நாளங்கள் சுருங்கிவிடும். ஜெல் போத்தல் எப்போதும் சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிற்கும். அதைத் தன் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்த பிறகுதான் நோயாளியின் காலில் வைப்பார், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மாதிரி.

நாளம் என்பது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். எங்கள் ஆட்கள் அதையும் நரம்பு என்றுதான் சொல்வார்கள். காலிலிருந்து இரத்தம் மேலே ஏற வேண்டும். ஏறியது திரும்பக் கீழே இறங்காமல் தடுக்க உள்ளே சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அந்தக் கதவுகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, நோயாளியைக் கைபிடி வைத்த இரண்டு படி உயர மேடையில் ஏற்றுவோம். நாங்கள் கீழே சின்ன ஸ்டூலில் இருப்போம். ஒரு கையால் கெண்டைக்காலைப் பிழிந்துவிட்டுச் சட்டென்று கையை எடுக்க வேண்டும். நல்ல நாளத்தில் இரத்தம் மேலே ஒரு பாய்ச்சல் பாய்ந்து, அப்படியே நிற்கும். கெட்டதில் திரும்பி வரும். மெஷின் அதைச் சத்தமாகவும் கேட்கவைக்கும். அறை முழுக்கக் காற்றடிக்கிற மாதிரி அந்த இரைச்சல். இன்றைக்கும் மழைநாளில் ஜன்னலோரம் இருந்தால் அந்தச் சத்தம் காதுக்குள் கேட்கிறது.

இரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது வேறு முறை. படுக்கவைத்து, நாளத்தைக் கருவியால் மெல்ல அழுத்துவோம். சுகமான நாளம் இமை மூடுவதுபோல மூடும். உள்ளே கட்டி இருந்தால் மூடாது. தொடை மடிப்பிலிருந்து கணுக்கால் வரை, ஒரு விரல் அகலத்துக்கு ஒருமுறை அழுத்த வேண்டும். டோரீன் அதைச் செய்யும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். முடிந்ததும் கதிரையைத் திருப்பி, நோயாளியின் கண்ணைப் பார்த்து, என்ன பார்த்தேன் என்று சொல்வார். எதைப் பார்க்க முடியவில்லை என்பதையும் சொல்வார். இந்த இரண்டாவதை ரிப்போர்ட்டில் எழுதாமல் விட்டால் எங்களில் யாரானாலும் திரும்பக் கூப்பிட்டு எழுதவைப்பார். குரலை உயர்த்தமாட்டார். கடதாசியை எங்கள் பக்கம் தள்ளிவிட்டுப் பேனையை அதன் மேல் வைப்பார். அவ்வளவுதான்.

என்னுடைய இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இடது காலின் பின்பக்கம் ஊதா நிறத்தில் கயிறுகள் கிளம்பின. கறுப்புக் காற்சட்டை போட்டு மறைத்தேன். அடுத்தவர்களின் நாளங்களைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் தன் காலைக் காட்ட வெட்கப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நான் காலை மாற்றி மாற்றி ஊன்றுவதை டோரீன் கண்டுவிட்டார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அறைக்கதவைச் சாத்திவிட்டு, "வாஸ், மேடையில் ஏறு" என்றார். வசந்தி என்ற பெயரை அவர் அப்படித்தான் சுருக்கி வைத்திருந்தார்.

மெஷினை நான் பார்க்கும்படி திருப்பிவைத்துவிட்டு என் கெண்டைக்காலைப் பிழிந்தார். நூற்றுக்கணக்கான கால்களில் கேட்ட அதே இரைச்சல், இந்த முறை என்னுடையது.

"உன் உடம்பில் இப்போது வழக்கத்தைவிட அதிகமான இரத்தம் ஓடுகிறது. பிள்ளைக்காகச் சுரக்கிற ஹோர்மோன் நாளத்தின் சுவரைத் தளர்த்திவிட்டது. மேலே கர்ப்பப்பை ஏறி இருந்துகொண்டு, திரும்பிப் போகிற வழியை நெரிக்கிறது. கதவுகள் விரிந்து, ஒன்றோடொன்று முட்டாமல் நிற்கின்றன. பார்," என்றார். "நீ ஒரு பிழையும் செய்யவில்லை."

எனக்கு அழுகை வந்தது. ஏனென்று தெரியவில்லை. அம்மா ஊரில் இருந்தார், டெலிபோனில் பேசுவதே அரிது. அந்த நாட்களில் என் காலை யாரும் அவ்வளவு கவனமாகத் தொட்டுப் பார்த்ததில்லை.

காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் இறுக்கமான காலுறை போடவும், இடப்பக்கம் சரிந்து படுக்கவும், ஒரே இடத்தில் நிற்காமல் நடக்கவும் சொன்னார். என் ஸ்டூலுக்குக் கீழே கால் வைக்க ஒரு பழைய பெட்டியும் கொண்டுவந்து போட்டார். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் மறுபடி மேடையில் ஏற்றினார். பெரும்பாலான கதவுகள் பழையபடி மூடிக்கொண்டிருந்தன. முழங்காலுக்குப் பின்னால் ஒன்று மட்டும் மூடவில்லை. அது இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு கர்ப்பிணிகள் வந்தால் பெரும்பாலும் என்னிடம் அனுப்பிவைத்தார்கள். பொயிண்ட் குக் என்ற புறநகரிலிருந்து ஒரு பெண் வந்தது ஞாபகம் இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரி, கம்ப்யூட்டர் வேலை, ஏழாம் மாதம். கால் வீக்கம் என்று கடிதத்தில் இருந்தது. கால் சரியாகத்தான் இருந்தது. துடைக்கத் துவாயைக் கொடுத்தபோதும் எழும்பாமல் கிடந்தாள்.

"மேடம், கால்ல இல்ல. அதுக்கும் மேல. டாக்டர்கிட்டச் சொல்ல முடியல. வீட்டுக்காரர்கிட்டயே சொல்லல."

பிறப்புறுப்பின் பக்கத்து நாளங்கள் திராட்சைக் குலைபோலப் புடைத்திருந்தன. நிற்கும்போது எல்லாம் கழன்று விழுகிற மாதிரி இருக்கும் என்றாள். இரண்டு மாதமாக ஏதோ தீராத வியாதி என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறாள். கர்ப்பத்தில் இது வருவதுண்டு, பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் தானாக வற்றிவிடும், ஆனாலும் டொக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும் என்று சொன்னேன். "நெஜமாவா?" என்று மூன்று முறை கேட்டாள். அன்று நானே கடிதத்தில் எழுதி அனுப்பினேன். இந்த வேலையில் இப்படியான நாட்கள்தான் நிறைய.

இனி அந்தப் புதன்கிழமை.

பத்து வருடத்துக்கு மேலாகிறது. பெயரை மாற்றி, தர்சினி என்று எழுதுகிறேன். இருபத்தெட்டு வயது. வன்னியிலிருந்து படகில் வந்தவள். வெரிபீயில் கணவனோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். தற்காலிக விசாவில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நின்று வேலை. முதல் பிள்ளை, முப்பத்திரண்டாவது வாரம். இடது கால் வீங்கியிருக்கிறது, பொதுவான களைப்பு, இரத்தக் கட்டி உண்டா என்று பார்க்கவும் என்று அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து தாள் வந்தது.

குளிர்காலம். ஒருத்தர் லீவு. வரிசையில் ஒன்பது பேர். தர்சினி மேசையில் ஏறிப் படுத்தாள். தமிழில் பேசினேன், ஆனால் சுகம் கேட்பதோடு நிறுத்திக்கொண்டேன். நோய் பற்றிய விபரத்தை மொழிபெயர்ப்பாளர் மூலம்தான் கேட்க வேண்டும், மொழி தெரிந்த ஊழியர் தாங்களாகக் கேட்கக் கூடாது என்பது விதி. அது நல்ல விதிதான். டொக்டர் ஏற்கெனவே கேட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

"அமத்தேக்க நோகுதோ?"

"இல்லை அக்கா."

தொடை மடிப்பிலிருந்து கணுக்கால் வரை அழுத்தினேன். எல்லா நாளமும் மூடியது. ஒன்று மட்டும் இடறியது. தொடை மடிப்பில் இரத்தம் ஓடுவதை மெஷின் ஒரு வரைகோடாகக் காட்டும். மூச்சு விட, எடுக்க, அந்தக் கோடு அலைபோல ஏறி இறங்க வேண்டும். தர்சினியின் கோடு தட்டையாக இருந்தது. பெரிய வயிறு அழுத்தினால் அப்படி ஆவதுண்டு. அதனால்தானா என்று அறிய ஒரே வழி வலது பக்கத்தையும் பார்ப்பது: அங்கும் தட்டையென்றால் வயிற்றின் பாரம், இல்லையென்றால் இடப்பக்கம் மேலே எங்கோ அடைப்பு. இரண்டு நிமிட வேலை. டோரீன் எங்களுக்கு முதல் வாரத்திலேயே பழக்கியது. தாளில் இடது கால் என்று மட்டும் இருந்தது. வெளியே ஒன்பது பேர். நான் பார்க்கவில்லை.

"காலில் இரத்தக் கட்டி இல்லை" என்று ரிப்போர்ட் எழுதினேன். அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை மறுபடி அவள் பெயரில் தாள் வந்தது. அவளை அழைத்துவர நானே அவசரப் பிரிவுக்குப் போனேன். திரைக்குப் பின்னால் இளம் டொக்டர் ஒருவர் டெலிபோனை ஸ்பீக்கரில் போட்டு மொழிபெயர்ப்பாளரோடு பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் சென்னைத் தமிழ்.

"டாக்டர் கேக்குறாங்க, வேற எங்கயாவது வலி இருக்காம்மா?"

"நாரி சரியா உளையுது. திங்கக்கிழமையில இருந்து இடப்பக்கம் நாரி இருக்கவும் ஏலாது, படுக்கவும் ஏலாது."

பிறகு அந்தக் குரல் ஆங்கிலத்தில் சொன்னது: ஒரு பெண்ணாக இருப்பது மிகவும் களைப்பாக இருக்கிறது, அவளால் உட்காரவோ படுக்கவோ முடியவில்லை என்று. 'இடப்பக்கம்' எங்கோ விழுந்துபோனது.

என் பேனை நின்ற சொல் இதுதான்: எங்கள் பேச்சில் நாரி என்றால் இடுப்புக்கும் முதுகின் அடிக்கும் இடைப்பட்ட பகுதி. உளைவு என்றால் விடாமல் குடைகிற வலி. அந்தச் சென்னைப் பெண்ணுக்குப் புத்தகத் தமிழில் நாரி என்றால் பெண். அவளில் குற்றமில்லை. புதன்கிழமைத் தாளில் வந்த 'பொதுவான களைப்பு' எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது.

காலில் கட்டி இல்லாமல், கால் முழுவதும் வீங்கி, இடப்பக்க இடுப்பும் வலித்தால், கட்டி அடிவயிற்றுக்குள் இருக்கலாம். கர்ப்பிணிகளில் அது அங்கே, அதுவும் இடப்பக்கம்தான் அதிகம். அங்கே நாளத்தின் மேலாக ஒரு நாடி, இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய், குறுக்கே போகிறது, அதற்கு மேல் கர்ப்பப்பையின் பாரம். அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு நிமிடம் செலவழிக்கவில்லை.

திரையை விலக்கினேன். விதி, ஒழுங்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு டொக்டரிடம் சொன்னேன்: "களைப்பு இல்லை. இடது இடுப்பில் கடும் வலி. நான்கு நாளாக."

"புதன்கிழமை ஸ்கான் சரியாகத்தானே இருந்தது?" என்றார் அவர்.

"அந்த ஸ்கானைச் செய்தது நான். அது முழுமையில்லை."

தர்சினியைத் தள்ளுகட்டிலில் கொண்டுவந்தபோது டோரீன் அறையில் இருந்தார். ஓய்வு பெற அவருக்கு இரண்டு மாதம் இருந்தது. நான் வலது பக்கத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார்.

"இப்போது பார்," என்றார்.

வலது தொடையில் கோடு ஏறி இறங்கியது. இடது தொடையில் நேர்கோடு. கருவியை மாற்றிக்கொண்டு அடிவயிற்றுக்கு ஏறினேன். நிமிர்ந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய நாளத்தை நெரித்துத் தலைசுற்றும். அதனால் டோரீன் தர்சினியைச் சற்றே இடப்பக்கம் சரித்து, முதுகுக்குப் பின்னால் தன் முழங்கையை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றார். குடலில் வாயு, பிள்ளையின் தலை, எல்லாம் மறைத்தன. நாற்பது நிமிடம். இடையில் பிள்ளை கருவியை ஓங்கி உதைத்தது. தர்சினி அந்த நிலையிலும் சிரித்தாள்.

"அவருக்குக் கோவம் வருது," என்றாள்.

கடைசியில் கண்டேன். விரல் தடிப்பத்தில் இருக்க வேண்டிய நாளம் வீங்கி, உள்ளே சாம்பல் நிறமாக அடைத்துப்போய், இரத்தம் ஓடினால் மெஷின் காட்டும் நிறம் ஒரு பொட்டும் இல்லாமல் கிடந்தது. அழுத்தக்கூடாத இடம். படத்தை நிறுத்தி, அளவெடுத்தேன். டோரீன் குனிந்து பார்த்தார். டெலிபோனை எடுத்து இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணரை அழைத்தார்.

அன்றே இரத்தத்தைக் கட்டவிடாத ஊசி தொடங்கினார்கள். இரவு வீட்டுக்குப் போகுமுன் டோரீன் தவறுகளைப் பதிவு செய்யும் படிவத்தை என் முன்னால் வைத்தார். "உன் பகுதியை நீ எழுது. அந்த நேரத்தில் ஒன்பது பேரை ஒருத்தியிடம் விட்டவள் நான். என் பகுதியை நான் எழுதுகிறேன்," என்றார். இரண்டு பேரும் ஒரே மேசையில் எழுதினோம்.

அடுத்த நாள் தர்சினியிடம் சொல்ல வேண்டும். அதுவும் விதிதான். வார்டில் அவளும் கணவன் ரூபனும் இருந்தார்கள். டொக்டர் பக்கத்தில் நின்றார். டெலிபோனில் அதே சென்னைப் பெண். அவள் பெயர் மீனா. நான் ஆங்கிலத்தில் சொல்ல, மீனா தமிழில் சொன்னாள்: புதன்கிழமை வலது பக்கத்தையும் பார்த்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இரண்டு நாள் முந்தியே மருந்து தொடங்கியிருக்கலாம்.

ரூபன் பெயின்ற் அடிக்கும் வேலை உடுப்போடு வந்திருந்தான். "உங்களுக்கு ரெண்டு நிமிசம், அக்கா. எனக்கு ரெண்டு உயிர்," என்றான். சத்தமாகச் சொல்லவில்லை.

"ஓம் தம்பி," என்றேன்.

தர்சினி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊசி பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதோ?" என்று மட்டும் கேட்டாள். இந்த மருந்து பிள்ளைக்குப் போகாது என்று டொக்டர் சொன்னார். பிறகு, "வேலைக்குப் போகாட்டி பேரை வெட்டிப்போடுவினம்," என்றாள்.

டெலிபோனை வைக்குமுன் மீனா கேட்டாள்: "ஒரு நிமிஷம். இன்டர்ப்ரிட்டரா கேக்கல, நான் கேக்குறேன். நாரின்னா என்ன?"

சொன்னேன்.

"நான் வேற ஒண்ணு சொல்லிட்டேன்," என்றாள். "திரும்பக் கேட்டிருக்கணும். தெரியாத மாதிரி இருந்துச்சு. ஆனா கேக்கல."

அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கி மீனாவும் நானும் நோவைச் சொல்லும் சொற்களைச் சேர்த்தோம். விறைப்பு, குத்து, உளைவு, புளிச்சல் என்று. இரண்டு பக்கத் தமிழும் அருகருகே. எங்கள் பிரிவின் சுவரில் அது பல வருடம் ஒட்டியிருந்தது. மீனா இன்றும் என் சினேகிதி.

ரூபனுக்கு ஊசியைக் கண்டால் மயக்கம் வந்தது. தர்சினி தானே தன் வயிற்றில் நாளுக்கு இருமுறை குத்திக்கொள்ளப் பழகினாள். கட்டி நுரையீரலுக்குப் போகவில்லை. முப்பத்தெட்டாம் வாரம், ஊசியை ஒரு நாள் நிறுத்தி, பிரசவத்தைத் தொடங்கவைத்தார்கள். பெண் பிள்ளை. ஆனால் தர்சினியின் நாளம் முழுதாகத் திறக்கவில்லை. பின்னேரமானால் கால் கனக்கும், வீங்கும். தொழிற்சாலை அவளைத் திரும்ப எடுக்கவில்லை. பிறகு ஒரு தையல் கடையில் இருந்தபடி செய்யும் வேலை கிடைத்தது. இரண்டு நாள் முந்தியிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று நிபுணரிடம் கேட்டேன். "இருக்கலாம். இல்லாமலும் போகலாம்," என்றார். அந்தப் பதிலோடுதான் மிச்ச வருடங்கள் வேலை செய்தேன்.

டோரீன் சொன்னபடி இரண்டு மாதத்தில் ஓய்வு பெற்றார். நான்கு வருடம் கழித்து, நான் அவருடைய அறையில் இருந்த ஒரு காலை, வரவேற்பிலிருந்து அழைத்தார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண், எட்டாவது வாரம், முன்பு கட்டி வந்தவள், நான் இல்லாத நாள் வேண்டாமென்று இரண்டு முறை திகதி மாற்றியிருக்கிறாள் என்றார்கள்.

கதவைத் திறந்தேன். தர்சினி. காலுறை போட்டிருந்தாள். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள். மகள் பாலர் பாடசாலைக்குப் போயிருக்கிறாள் என்றாள்.

"இஞ்ச இன்னும் மூண்டு பேர் இருக்கினம். எல்லாரும் கெட்டிக்காரர்," என்றேன். "ஏன் என்னைக் கேட்டனீர்?"

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அவைக்கு என்ர காலைப் பற்றித் தெரியாது. நீங்கள் ஒருக்காப் பிழைவிட்டனீங்கள். அதால நீங்கள்தான் வடிவா, ஒண்டும் விடாமப் பாப்பியள்."

நான் போத்தலைச் சுடுதண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டு நின்றேன். அவள் மேசையில் ஏறி, இடப்பக்கம் சரிந்து, நான் கேட்காமலே அடிவயிற்று உடுப்பை விலக்கிவிட்டாள்.